பன்னிரண்டாவது ஆளும் நீல ஹெல்மெட்டும்

கால்பந்து அணிக்குப் பதினோரு பேர் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. அதை எழுதியவர்களுக்கு என் மாமனாரைத் தெரியாது. எங்கள் அணிக்குப் பன்னிரண்டு பேர். பதினோரு பேர் ஓடுகிறோம், பன்னிரண்டாமவர் கருத்துச் சொல்கிறார். இதில் எது கஷ்டமான வேலை என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ஓடுகிறவர்களுக்கு இடைவேளை உண்டு, அவருக்குக் கிடையாது.

நான் அந்த அணியின் கோல்கீப்பர். அவருடைய ஒரே மகளைக் கட்டிக்கொண்டவன். முதல் பதவியைப் பயிற்சியாளர் கொடுத்தார், இரண்டாவது பதவியை மாமா கொடுத்தார். இரண்டுமே தற்காலிகம் என்பதை மாமா அவ்வப்போது ஞாபகப்படுத்துவார்.

மாமா மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவின் கண்காணிப்பாளர். வாரத்தில் ஆறு நாள் ஊரார் புகாரைப் பொறுமையாகக் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அன்று சாயங்காலம் அவர் புகாரை நாங்கள் கேட்கிறோம். இதற்கு 'செயல்திறன் மறுஆய்வுக் கூட்டம்' என்று பெயர். இடம், மாமா வீட்டு ஹால். நானும் மனைவியும் அதே வீட்டு மாடியில் குடியிருப்பதால் வரமுடியவில்லை என்று சொல்ல வழியில்லை.

தலைவர் மாமா. துணைத்தலைவர் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். செயலாளர் என் மனைவி. மேஜைக்கடியில் போனைப் பார்த்துக்கொண்டே நடவடிக்கைகளைக் குறித்துக்கொள்வதாகத் தலையாட்டுவாள். அத்தை தேநீர்ப் பொறுப்பு. நான் 'பதில் சொல்ல வேண்டிய தரப்பு'.

சீசன் ஆரம்பத்தில் இந்தக் கூட்டங்கள் சுருக்கமாக முடிந்தன. ஏனென்றால் நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம். ஜெயிக்கிற அணியைப் பற்றி மாமாவுக்குப் பெரிதாகக் கருத்துக் கிடையாது. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பிஸ்கட் சாப்பிடுவார். பாதி சீசன் தாண்டியதும் தோற்க ஆரம்பித்தோம், பிறகு அதையே பழக்கமாக்கிக்கொண்டோம். மேலிருந்து மூன்றாவது இடத்தில் இருந்தவர்கள் கீழிருந்து மூன்றாவது இடத்துக்கு வந்து சேர்ந்தோம். மாமாவின் முகத்தில் ஒரு களை வந்தது. ஹாலில் வெள்ளைப் பலகை மாட்டப்பட்டது.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த ரெண்டாவது கோல் உள்ள போகும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"கோல் வாசல்லதான் மாமா."

"அதான் கேக்குறேன். அங்க இருந்துமா?"

"வேர் வரைக்கும் போய்ப் பாக்கணும்" என்றார் பல் டாக்டர். அவர் எல்லாக் கூட்டத்திலும் இதைத்தான் சொல்வார்.

மாமா வேர் வரைக்கும் போனார். எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் நெட்டையனின் தலைமுடி நீளம், காற்று இழுக்கிறது என்று ஒரு வாரம் கண்டுபிடித்தார். ஜெர்சியின் நிறம் எதிரணிக்கு உற்சாகம் தருகிறது என்று மறுவாரம். அலுவலகத்தில் அவருக்கு 'மனப்பாங்கு மேம்பாடு' என்று ஒருநாள் பயிற்சி கொடுத்து, மதியச் சாப்பாடும் போட்டு அனுப்பினார்கள். அன்றிலிருந்து எங்கள் கோளாறு காலில் இல்லை, மனப்பாங்கில் இருக்கிறது என்றாகிவிட்டது. நான் விட்ட ஒவ்வொரு கோலுக்கும் ஒரு புகார் எண் ஒதுக்கப்பட்டது. நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது என்று நான் சொல்ல வேண்டும், அவர் உடனே அதை 'நிலுவையில்' சேர்ப்பார்.

எல்லாக் கருத்துகளும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். எங்கள் அணிக்குக் கடைசிப் பத்து நிமிடம் ஆகாது. உண்மைதான். அந்தத் தோல்விகளில் பெரும்பாலான கோல்கள் அப்போதுதான் விழுந்தன. அதைச் சொல்லும்போது மாமாவுக்குக் குரல் கம்மும்.

"கடைசி வரைக்கும் நிக்கத் தெரியணும் மாப்பிள்ளை. நடுவுல விட்டுட்டுப் போறவன் மனுஷனே இல்ல."

இவ்வளவு ஆழமான கருத்தைச் சொல்கிறவர் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்ததில்லை என்பதை இங்கே மரியாதையுடன் குறிப்பிட வேண்டும்.

விஷயம் இதுதான். எங்கள் மைதானத்துக்கு ஒரே ஒரு வாகன நிறுத்துமிடம், அதற்கு ஒரே ஒரு கேட். சீசன் ஆரம்பத்தில் எங்களைப் பார்க்க ஆள் வராது. மாமா ஸ்கூட்டரைக் கேட் ஓரமாக நிறுத்திவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். ஆட்டம் முடிந்த பிறகும் இறங்கி வந்து பயிற்சியாளருக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார். நாங்கள் ஜெயிக்க ஜெயிக்கக் கூட்டம் கூடியது. கூட்டம் கூடக்கூட வண்டி நெரிசல். ஆட்டம் முடிந்து வண்டியை வெளியே எடுப்பதற்குள் உயிர் போய்விடுகிறது என்று கண்டுகொண்ட மாமா, முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே கிளம்பும் முறையை அறிமுகப்படுத்தினார்.

மடியில் வைத்திருக்கும் நீல ஹெல்மெட்டை எடுத்து மாட்டுவார், எழுந்து நிற்பார். பல் டாக்டரும் எழுவார். அவர் வண்டி மாமா வண்டிக்குப் பின்னால் சுவரோரம் மாட்டிக்கொண்டிருக்கும். இவர்கள் வெளியே போக வரிசை முழுக்க எழுந்து வழிவிடும். எழுந்தவர்கள், எழுந்ததுதான் எழுந்தோம் என்று தாங்களும் கிளம்புவார்கள். பின்வரிசை, ஏதோ நடந்துவிட்டது போல என்று பதறி அவர்களுக்குப் பின்னால் கிளம்பும். ஐந்தே நிமிடத்தில் மொத்தக் கேலரியும் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நகரும்.

இரண்டாம் பாதியில் நான் நிற்கும் கோல் அந்தக் கேலரிப் பக்கம். நீல ஹெல்மெட் எழுவது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தடுப்பாட்டக்காரர்களுக்கும் தெரியும். நாம் தோற்றுவிட்டோம் போலிருக்கிறது, நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று அவர்கள் கால் தளர்ந்துவிடும். எதிரணிக்கும் தெரியும். அவர்களுக்கு எங்கிருந்தோ ஒரு தெம்பு வரும். பிறகு கோல் வரும். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு மரியாதை உண்டு, வாய் கிடையாது.

பார்க்காத கோலைப் பற்றிக் கருத்துச் சொல்வது எப்படி என்று சிலர் நினைக்கலாம். புகார்ப் பிரிவுக்கு அது கைவந்த கலை. எந்தக் கம்பம் சாய்ந்ததையும் அவர்கள் நேரில் பார்த்தது கிடையாது. மாமா வீட்டுக்கு வந்ததும் யாருக்காவது போன் போட்டு முடிவைக் கேட்பார், மீதியை அனுபவத்தால் நிரப்பிக்கொள்வார்.

சீசனில் ஒரே ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. சமன் செய்தால் போதும், தப்பிப்போம். தோற்றால் கீழ் டிவிஷன். கீழே போனால் கிளப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடும் என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பாதியில் யார் முதலில் என்பது மாமாவுக்குத் தெரியும். அந்த வாரக் கூட்டத்துக்கு அவர் ஒரு ஹெட்போனோடு வந்தார்.

"எங்க பிரிவுல ஒரு நாற்காலி காலியா இருக்கு மாப்பிள்ளை. அணி கீழ போச்சுன்னா மறுநாளே வந்து உக்காந்துடுங்க. வர்ற பந்தைப் புடிக்கிறவருக்கு வர்ற போனைப் புடிக்கத் தெரியாதா?"

மனைவி போனிலிருந்து தலையைத் தூக்கினாள். நான் என் கையைப் பார்த்தேன். பந்து உதைபடுவதற்கு முந்தின நொடியில் கையுறைக்குள் விரல்கள் தாமாகவே விரியும். அதற்காகத்தான் நான் இத்தனை வருஷம் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அதை விட்டுவிட்டு, கரண்ட் எப்போது வரும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். ஹெட்போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

மாமாவுக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "கடைசியா ஒரு வாய்ப்பு" என்று எழுந்து, பெனால்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று செய்து காட்ட முன்வந்தார். சோபாவுக்கு முன்னால் நின்று முழங்காலை மடக்கினார். பல் டாக்டர் ஒரு குஷனை எறிந்தார். மாமா பாய்ந்தார். மனப்பாங்கு சரியாகத்தான் இருந்தது. குஷன் ஜன்னல் பக்கம் போனது, மாமா சோபாவைத் தாண்டிப் போனார், வலது மணிக்கட்டு பிசகிக்கொண்டது.

கழுத்தில் தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டிருந்த மாமாவால் வண்டி ஓட்ட முடியாது. எனவே அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தைதான் ஸ்கூட்டர் ஓட்டினார். மாமா பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பிரேக்கைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டு போனார். அத்தை அதுவரை எங்கள் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. வண்டியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், பத்தாவது நிமிடத்தில் நடுவரைத் திட்ட ஆரம்பித்துவிட்டாராம். கேலரியில் நடந்ததெல்லாம் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்தது பந்து மட்டும். இரண்டு பக்கமும் கோல் இல்லை. இப்படியே முடிந்தால் பிழைத்தோம். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருந்தபோது, நான் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். நீல ஹெல்மெட் எழுந்தது. எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான், ஹெட்போன்தான் என்று நினைத்தேன்.

அந்த நேரம் மேலே நடந்த பேச்சு இது.

"சாவியக் குடு."

"எதுக்கு?"

"கிளம்பணும்ல. இப்ப விட்டா வண்டிய எடுக்கவே முடியாது."

"இன்னும் முடியலையே."

"முடிஞ்ச மாதிரிதான்."

"முடிஞ்ச மாதிரின்னா முடியலன்னுதானே அர்த்தம்? உக்காருங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது."

பின்னாலிருந்து நாலைந்து பேர், உட்காருங்க சார் என்றார்கள். ஹெல்மெட் உட்கார்ந்தது. பாதி எழுந்திருந்த பல் டாக்டர், தன் வண்டி இருக்கும் நிலையை எண்ணிப் பார்த்து அவரும் உட்கார்ந்தார். வரிசை எழவில்லை. பின்வரிசை எழவில்லை. கேலரி அப்படியே இருந்தது. என் தடுப்பாட்டக்காரன் அதையும் பார்த்தான். பிறகு அவன் ஓடிய ஓட்டத்தை நான் ஆறு மாதமாகப் பார்த்ததில்லை.

கடைசி நிமிடத்தில் எங்களுக்கு எதிராகப் பெனால்டி. இதற்கு நடுவர்தான் காரணம் என்று அத்தை இன்றுவரை சொல்கிறார். கேலரி மொத்தமும் எழுந்து நின்றது, ஆனால் இந்த முறை முகம் இந்தப் பக்கம் இருந்தது. ஒரே ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. மாமா ஹெல்மெட்டோடு அத்தைக்கு நேரே திரும்பி நின்று, வாகன நெரிசலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

உதைத்தான். விரல்கள் விரிந்தன. வலது பக்கம் விழுந்தேன். பந்து விரல் நுனியில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது, நடுவர் ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதினார். மண்ணில் முகம் புதைத்தபடி அழுதேன். அதை ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை, மேலே பத்துப் பேர் வந்து விழுந்திருந்தார்கள்.

மாமா சத்தம் கேட்டுத் திரும்பினாராம். "என்ன ஆச்சு?"

"மாப்பிள்ளை பந்தைப் புடிச்சிட்டாரு."

"அதுக்கா இவ்ளோ சத்தம்?"

அன்று சாயங்காலக் கூட்டம் தாமதமாகத் தொடங்கியது. வண்டியை வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதல் பொருள் அதுதான். நிறுத்துமிட நிர்வாகம் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. இரண்டாவது பொருள், அணி கடைசிக் கட்டத்தில் தேறியதற்கான காரணம். தொடர்ந்து கொடுத்துவந்த அழுத்தமும், சோபாவில் அளித்த நேரடிச் செய்முறைப் பயிற்சியும்தான் காரணம் என்று தலைவர் அறிவித்தார். துணைத்தலைவர், வேர் வரைக்கும் போய்விட்டோம் என்றார். ஹெட்போன் ஆணியில் மாட்டப்பட்டது, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்ற குறிப்போடு.

மூன்றாவது பொருளாக, பந்தை எப்படிப் பிடித்தேன் என்று என்னைச் சொல்லச் சொன்னார்கள். பதில் சொல்ல வேண்டிய தரப்புக்கு இது முதல் கௌரவம். எழுந்து நின்றேன். அவன் ஓடி வந்ததைச் சொன்னேன், அவன் இடுப்பு திரும்பியதைச் சொன்னேன், நான் வலப்பக்கம் சாய்ந்ததைச் சொன்னேன். அப்போது மாமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நீங்க சொல்லிக்கிட்டே இருங்க மாப்பிள்ளை. மழை வர்ற மாதிரி இருக்கு, வண்டிய உள்ள தள்ளிட்டு வந்துடறேன்."

பல் டாக்டரும் எழுந்தார். அவர் வண்டியும் வெளியேதான் நின்றது. வாசலில் ஒரு கையால் ஹெல்மெட்டை மாட்டும் சத்தம் கேட்டது. மாமா இரண்டு நிமிடம் கழித்து உள்ளே வந்து, "அப்புறம்? புடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

அடுத்த சீசன் தொடங்குவதற்குள் மாமாவின் தூளியை அவிழ்த்துவிடுவார்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நிஜ டாக்டர். எனவே பயிற்சியாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அணியில் பதினோரு பேரும் கடைசிவரை நின்றோம், எங்களை மாற்ற வேண்டாம். ஒரே ஒரு மாற்றம் செய்தால் போதும். பன்னிரண்டாவது ஆளை வீட்டில் உட்கார வைத்துவிட்டு அத்தையை இறக்குங்கள். சாவியை அவர் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.