வீட்டுக்கே வந்த பள்ளிக்கூடம்

என்ன ஆனாலும் சரி, பெண்டாட்டி பிள்ளையை ஊருக்கு அனுப்புவதில்லை என்று ரவிசங்கர் சபதம் எடுத்தார். மனதுக்குள்தான் எடுத்தார். சுசீலாவுக்கு எதிரில் வாய்விட்டுச் சபதம் எடுக்கும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

கத்தாரில் ராஸ் லஃபானில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பத்தாம் வகுப்பு என்பது ஒரு கண்டம். பிள்ளை பத்து முடித்ததும் மெடிக்கல் கோச்சிங் என்று தாயும் பிள்ளையும் ஊருக்கு விமானம் ஏறிவிடுவார்கள். அப்பா மட்டும் பேச்சிலர் ரூமில் தயிர்சாதம் பிசைவார். கூட வேலை பார்க்கும் முரளிதரன் அப்படித்தான் ஆனார். கொஞ்ச நாள் என்று போன குடும்பம் திரும்பவேயில்லை. லீவில் போனால் சொந்த மகனே, "எப்ப வந்தீங்க, எப்ப கிளம்பறீங்க?" என்று விருந்தாளியைப்போல விசாரிக்கிறானாம். அவரே சொன்னதுதான். அன்று முழுக்க ரவிசங்கருக்கு டூட்டியில் கை ஓடவில்லை.

மகள் இளவேனில் இந்த வருஷம் பத்து முடித்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் புதுத் திட்டம் வந்தது. அவர் வேலை பார்ப்பது அரசாங்க கேஸ் கம்பெனி. இதுவரை ஃபீஸைப் பள்ளிக்கூடத்துக்கே கட்டிவந்தவர்கள், இனி பிள்ளையின் பேரில் ஒரு கல்விக் கணக்கு தொடங்கி அதில் போடுவார்களாம். பள்ளிக்கூடம்தான் என்றில்லை, வீட்டுக்கு வாத்தியார் வைத்தாலும் அதிலிருந்து கொடுக்கலாம்.

"சுசீ, கோச்சிங்குக்காக நீங்க ஊருக்குப் போக வேணாம். கோச்சிங்கையே இங்க வரவழைச்சுடறேன்."

"சரிங்க."

சுசீலா ஒரே வார்த்தையில் சரி சொன்னால் உஷாராகிவிட வேண்டும். இவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

ஹாலில் சோபாவை ஓரங்கட்டிவிட்டு வெள்ளைப் பலகை மாட்டினார். வாத்தியார்கள் வந்தார்கள். சுசீலா காபி கொடுத்து, நாலு கேள்வி கேட்டு அனுப்பி வைத்தாள். பிசிக்ஸ்காரருக்குச் சொல்லித்தரத் தெரிந்தது, பிசிக்ஸ் தெரியவில்லை. பயாலஜிக்காரருக்கு பயாலஜி தெரிந்தது, சொல்லித்தரத் தெரியவில்லை.

"பின்ன யாரைத்தான் வைக்கிறது?"

"திருச்சி தில்லைநகர்ல ஒரு நல்ல சென்டர் இருக்கு. ஆன்லைன்லயும் எடுக்கறாங்களாம். ஆனா கத்தாருக்கு வெளியில இருக்கறவங்களுக்கு உங்க ஆபீஸ்ல பணம் தர மாட்டாங்களே."

"ஏன் தர மாட்டாங்க? நான் பேசறேன்."

"உங்களால முடியாதுங்க. பாவம், விடுங்க."

அந்தப் 'பாவம்' வேலை செய்தது. மறுநாள் ஆபீசில் ஹஸ்னைனைப் பிடித்துக்கொண்டார். கல்விக் கணக்குகளைப் பார்க்கும் அதிகாரி அவர். "கணக்கு பள்ளிக்கூடத்துக்கா, பிள்ளைக்கா? பிள்ளைக்கு என்றால், பிள்ளை எங்கே உட்கார்ந்து படித்தால் உங்களுக்கு என்ன?" என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் மாறிமாறி முழங்கினார். வீட்டில் வாய் திறக்காதவர்களுக்கு ஆபீசில் அப்படி ஒரு வாய் இருக்கும். ஹஸ்னைன் மேலே கேட்டுவிட்டு வந்து, "கலாஸ் பாய், முடிந்தது. எங்கே படித்தாலும் செல்லும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஜிலேபியோடு வீட்டுக்கு வந்தார்.

"கத்தாருக்கு வெளியில படிச்சாலும் செல்லுமா?" என்றாள் சுசீலா.

"உலகத்துல எந்த மூலையில படிச்சாலும் செல்லும்."

"நல்லா கேட்டீங்களா?"

"நான் பேசினதாலதான் விதியையே மாத்தினாங்க."

சுசீலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்.

"அப்ப நானும் பாப்பாவும் அடுத்த வாரம் கிளம்பறோம். தில்லைநகர்ல வீடு பாத்தாச்சு. கணக்கு அங்க செல்லாதேன்னுதான் தள்ளிப் போட்டுக்கிட்டிருந்தேன்."

ஜிலேபி டப்பாவைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"ஆன்லைன்ல..."

"கொரோனாவுல ஆன்லைன்ல படிச்ச லட்சணத்தைத்தான் பாத்தோமே."

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அழுதிருப்பீங்க. நீங்க அழுதா என்னால போக முடியாதுங்க."

உள்ளே இளவேனில் பெட்டியில் துணி அடுக்கும் சத்தம் கேட்டது. இந்த வீட்டில் அவள் சத்தம் இல்லாமல் ஒரு சாயங்காலத்தைக்கூட அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"நானும் வேலையை விட்டுட்டு உங்களோடவே வந்துடறேன் சுசீ."

சுசீலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்:

"நீங்களும் வந்துட்டா, பாப்பா கணக்குல யாருங்க பணம் போடுவாங்க?"