துருநிற ஐரிஸும் தகுதிக் குழுவும்

மனிதர்களில் யார் வேண்டுமானாலும் யாரையும் கேட்காமல் பிறந்துவிடலாம். ஒரு புது ஐரிஸ் பூ மட்டும் அப்படி உலகத்துக்குள் நுழைந்துவிட முடியாது. அதற்கு மலர்த் தகுதிக் குழுவின் முத்திரை வேண்டும். நாகரிகம் என்பது இதுதான்.

லிஃப்ட் மெக்கானிக் இந்த நாகரிகத்தை மனதார மதித்தவர். ஒருமுறை கல்யாண நாளை மறந்துபோனதற்கு ஈடாக, மனைவியின் பெயரில் ஒரு புதுப் பூவையே உண்டாக்கித் தருவதாக வாயை விட்டுவிட்டார். ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகள் கொல்லைப்புறத்தில் மண்டியிட்டே கழிந்தன. ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றில் தடவி, விதை எடுத்து, முளைத்த நாற்பது நாற்றில் முப்பத்தொன்பதைப் பிடுங்கி எறிந்தார். மிஞ்சிய ஒன்று துரு நிறத்தில் நீலக் கரை கட்டிப் பூத்தது. மனைவி சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுவிட்டாள்.

குழு வந்தது. தலைவர் கையில் அளவுகோல். கூடவே ஒரு கண் டாக்டரம்மா. கண்ணின் நிறப் பகுதிக்கும் ஐரிஸ் என்றுதான் பெயர் என்பதால், 'ஐரிஸ் நிபுணர்' தேவை என்று குழு எழுதிய கடிதம் எப்படியோ அவருடைய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவரும் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டிருந்தார். பூவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

தலைவர் தண்டை அளந்தார். மொட்டுகளை எண்ணினார். இதழைச் சுண்டிப் பார்த்தார். பூவைப் பார்த்தாரா என்றால், படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"இந்த நிறம் நம்ம பட்டியல்ல எதுலயுமே இல்லையே," என்றார் கவலையோடு.

"அதனாலதாங்க இது புதுசு," என்றார் மெக்கானிக்.

"அப்ப எதோட ஒப்பிட்டு மார்க் போடறது? ஒப்பிட ஏதாவது வரட்டும். ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்க்கலாம்."

நியாயம்தான் என்று மெக்கானிக்குக்குப் பட்டது. மனைவிக்குப் படவில்லை. பூ என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'பரிசீலனையில் இருக்கிறது' என்று பதில் சொல்லி அலுத்து, கடைசியில் போனையே எடுப்பதை விட்டுவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்துக் குழு மறுபடி வந்தது. இந்தத் தடவை தலைவர் செடியின் பக்கமே போகவில்லை. இது புது ரகம் இல்லை, ஏற்கனவே இருப்பதுதான் என்று சொல்லி, ஆதாரமாக ஒரு படத்தை நீட்டினார். ஒரு பெரிய வீட்டு வாசலில் ஏழெட்டுச் செடிகள் வரிசையாகப் பூத்திருந்தன. அதே துரு நிறம், அதே நீலக் கரை.

மெக்கானிக்கின் முகம் தொங்கிப்போனது. தனக்கு முன்பே எவனோ ஒருவன் எங்கேயோ மண்டியிட்டிருக்கிறான். அந்த முகம் தெரியாத ஆளை மனதுக்குள் பாராட்டவும் செய்தார்.

டாக்டரம்மா படத்தை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சார், இது உங்க வீட்டு வாசல் மாதிரி இருக்கே?"

தலைவர் சற்றுப் பெருமையாகவே ஒப்புக்கொண்டார். நம்பகமான இடத்து ஆதாரம் அல்லவா?

மனைவி படத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டாள். "போன தடவை ஆய்வுக்குன்னு இந்தச் செடியில ஒரு கிழங்கு தோண்டி எடுத்துட்டுப் போனீங்க. அதுதானே இது?"

"ஆமாம்மா. ஆய்வுல நல்லா வந்திருக்கு," என்ற தலைவர், படிவத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மனைவி படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவளுக்கும் அது ஆதாரம் அல்லவா?

குழுவைக் குறை சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நல்ல பூ எதுவும் அதன் கண்ணுக்குத் தப்பியதே இல்லை. கைக்கும்தான்.