பெண் பார்க்கப் போன மைக்ராஸ்கோப்

விதிமுறைகளை நன்றாக அறிந்தவர்கள் பெரும்பாலும் அவற்றை மற்றவர்களுக்காகவே அறிந்து வைத்திருக்கிறார்கள். விஞ்ஞான ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு முழு யோக்கியதை உண்டு.

யுத்த காலம். அரியலூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பள்ளிக்கு ஒரே ஒரு மைக்ராஸ்கோப். பித்தளைக் குழாய், அடியில் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு கண்ணாடி, பூட்டு வைத்த மரப்பெட்டி. அதைத் தொடுகிறவர்களுக்குப் பன்னிரண்டு விதிகளை என் அழகான கையெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். முதல் விதி: லென்சைத் துடைக்கவும். கடைசி விதி: எழுத்து மூலமான அனுமதியின்றி வெளியே கொண்டுபோகலாகாது.

அந்தப் பெட்டியைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடியில் வைத்துக்கொண்டு, பெரம்பலூர்ப் பக்கம் பெண் பார்க்கப் போனேன். (பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ். இறங்கும்போது முகத்தில் பாதிதான் மாப்பிள்ளைக் களை; மீதி கரி.) ஏற்கெனவே மூன்று வீடுகளில் "பையன் ரொம்பப் பேசறான்" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்தப் பெண் மரகதத்தை ஒரு கல்யாணத்தில் தூரத்திலிருந்து பார்த்து, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்திருந்தேன். பேசினால்தானே தகராறு, காட்டிவிடலாம் என்பது திட்டம்.

"பொண்ணு பாக்கப் போறமா, தாயத்து விக்கப் போறமாடா?" என்றார் கூட வந்த மாமா.

மரகதத்தின் அப்பா சின்ன வெங்காயம் பயிரிடுகிறவர். வாசலில் சந்தைக்குப் போக இரண்டு வண்டிகள் மூட்டைகளோடு நின்றன. கருவியைக் கூடத்து ஜன்னலோரம் மேஜைமேல் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனேன். திரும்புவதற்குள் பெண்ணின் அத்தை அதற்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துவிட்டார். ஆயுத பூஜைக்கு ஏர், மண்வெட்டி, தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற கை. வீட்டுக்குள் புதிதாக வந்த கருவியை வெறும் நெற்றியோடு விட அவருக்கு மனம் வரவில்லை. குழாயின் உச்சியில் பொட்டைப் பார்த்து எனக்கு ஒரே பூரிப்பு. (எனக்கே வைத்த மாதிரி.)

அவர்கள் வயல் வெங்காயத்திலேயே ஒரு தோலை உரித்து, ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டு, கண்ணை வைத்தேன். செங்கல் சுவர் போலக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அதன்மேல் அங்கங்கே சிவப்புத் திட்டுகள். அயோடின் போட்டால் உட்கரு மஞ்சள் கலந்த பழுப்பாகத்தான் தெரியும் என்று முந்தின வாரம் வகுப்பில் சொன்னவன் நானேதான். ஆனால் வாய் திறந்துவிட்டால் எனக்குக் கண் இரண்டாம்பட்சம்.

"ஒவ்வொரு கட்டமும் ஒரு செல்லுங்க. செவப்பாத் தெரியுதே, அதான் உட்கரு. உயிரே அதுலதான் இருக்கு."

மரகதத்தின் அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "எல்லா வெங்காயத்துலயும் இருக்குமா தம்பி?"

"ஒங்க வயல்ல எடுத்த அத்தனையிலும் இருக்குங்க." (உறுதியைப் பாருங்கள்!)

அவர் வாசலுக்குப் பாய்ந்தார். "டேய், மாட்டப் பூட்டாத! மூட்டைய எறக்கு! வெங்காயத்துல செவப்பு வுழுந்துருக்கு!"

"அய்யய்யோ, காலையிலகூட சாம்பார்ல போட்டனே!" என்றார் அத்தை.

"நோய் இல்லைங்க, உயிர்!" என்று கத்தினேன்.

"உசுரு இருக்குதாம்! அப்ப புழுவேதான்!" என்றார் அப்பா.

மாமா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். நான்காவது வீடும் போயிற்று என்று எனக்கும் புரிந்தது.

அப்போது மரகதம் காபித் தட்டைக் கீழே வைத்தாள். "நான் ஒரு தடவ பாக்கட்டுமாப்பா?" என்றாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பார்த்தபடியே, நாம் கண் வைக்கும் மேல்முனையைப் புட்டி மூடி போலத் திருகினாள்.

"செவப்பு சுத்துது."

"என்னம்மா?"

"நான் திருகுனா செவப்பும் கூடவே சுத்துதுப்பா. கட்டம் அப்படியே நிக்குது. வெங்காயத்துல இருந்தா எப்படிச் சுத்தும்?" என்றவள் முனையைக் கழற்றி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக் காட்டினாள். "ஒங்க குங்குமம் அத்தே."

அழுக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மேல்முனையைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது என் நான்காவது விதி. முந்தானையால் லென்சைத் துடைக்கக் கூடாது என்பது எட்டாவது. அதை அந்த நேரத்திலும் சொல்ல வாயெடுத்தேன். மாமா காலை மிதித்தார். அன்று நான் வாயை மூடியதால்தான் சம்பந்தம் முடிந்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பூட்டுடா வண்டிய!" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்த அப்பா, வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு என் எதிரிலேயே மகளைக் கேட்டார்: "என்னம்மா சொல்ற?"

"படிச்சவங்கதான்" என்றாள். "கூட ஒரு ஆளு இருந்து தொடச்சு வுடணும்."

அந்த ஆள் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். நான் எதையாவது அடித்துச் சொன்னால் இன்றும் அவளிடமிருந்து வருவது ஒன்றுதான். இரண்டு விரலால் காற்றில் ஒரு திருகு. பிள்ளைகள் பேசக் கற்குமுன்பே அதைக் கற்றார்கள். போன மாதம் பேத்தியைப் பார்த்துவிட்டுப் போன பையனிடம் ஏழு குறைகள் கண்டுபிடித்து வீட்டில் எல்லோருக்கும் அரைமணி நேரம் விளக்கினேன். முடித்ததும் பேத்தி எழுந்து வந்து, என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தாவணியால் துடைத்து மாட்டிவிட்டாள்.