கலுகல அருவியில் பனி விலகவில்லை

அன்புக்குரிய மகள் நிர்மாலிக்கு,

நாவலப்பிட்டியிலிருந்து பியதிலக மாமா எழுதிக்கொள்வது. மும்மணிகளின் அருளால் நலம் என்று எழுதத்தான் ஆசை. வலது கால் மாவுக்கட்டில் இருப்பதால் பாதி நலம். மெல்பர்னில் நீயும் உன் கணவரும் குளிரில் அவதிப்படாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

ஞாயிறு மாலை நீ தொலைபேசியில் இருபது நிமிடம் திட்டினாய். "கண்ணு மங்கிப்போன மனுசன மலைக்குக் கூட்டிட்டுப் போக உங்களுக்கு எப்படி மாமா மனசு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

மகளே, கூட்டிப்போனது நானில்லை. "இடது கண்ணுல கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கு மச்சான். அதுவும் போறதுக்குள்ள கலுகல அருவிய ஒரு தடவ பாத்துடணும்" என்றான் உன் அப்பா. முப்பத்திரண்டு வருடம் ஹேமசிறி எஞ்சின் ஓட்டினான். நான் அதே ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டு. அவன் கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்?

சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது, அட்டை ஏறாமலிருக்கக் காலில் பூசிய சவர்க்காரம் நுரைத்துக் கரைந்து போனது, அட்டைகள் எங்களுக்காகவே காத்திருந்தவை போல வந்து சேர்ந்தன, அருவிக்கு எதிரே கூடாரம் போடலாமென்று பையைப் பிரித்தால் என் மருமகன் இரவல் தந்தது பிள்ளைகள் முற்றத்தில் விளையாடும் கூடாரம், மேலே யானைப் படம் வேறு, இரண்டு பேரும் உள்ளே படுத்தால் முழங்காலுக்குக் கீழே வெளியே நிற்கிறது, சரி சாப்பிடலாமென்றால் டின் மீன் இருக்கிறது திறக்கும் கருவி இல்லை, பாண் ரொட்டியைக் காட்டுப்பன்றி கொண்டுபோய்விட்டது, தண்ணீர் மொள்ளப் போன நான் வழுக்கி ஓடையில் விழுந்து காலை முறித்துக்கொண்டேன். விழுந்தது நான்தான் மகளே, உன் அப்பா இல்லை.

"கத்திக்கிட்டே இரு மச்சான்! சத்தத்த வச்சுத்தான் நீ எங்க கிடக்கேன்னு தெரியும்!" என்று தவழ்ந்து வந்து என்னை இழுத்துப் போட்டது அவன்.

அந்த இரவைப் பற்றி எழுதப் போவதில்லை. விடிந்தபோது எங்கும் பனி. அருவியின் இரைச்சல் காதை அடைத்தது, ஆனால் ஒன்றும் தெரியவில்லை. பாறை மேல் உட்கார்ந்து காத்திருந்தோம். ஒன்பது மணிக்குப் பனி முழுசாக விலகியது. உச்சியிலிருந்து அடிவரை, வெள்ளை வெளேரென்று, கல்யாண வீடு மாதிரி ஜொலித்துக்கொண்டு நின்றது அருவி. நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தை வலப்பக்கம் காட்டை நோக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் விலகலையா மச்சான்?"

பாதை தெளிவென்று கண்ணால் பார்க்காமல் ஒருநாளும் பச்சைக்கொடி காட்டாதவன் நான். "இல்ல மச்சான். எனக்கும் ஒண்ணும் தெரியல" என்றேன்.

அந்த நேரம் பார்த்து நாலு பையன்கள் வந்து, "அடேயப்பா, என்ன அழகு!" என்று கூவினார்கள்.

"யாருடா அது?"

"பைத்தியங்க. பனியப் பாத்துக் கத்துதுங்க."

ஒன்றரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவன், "சரி, போவோம். அதிர்ஷ்டம் இல்ல" என்று எழுந்தான். அவன் தோளில் தொங்கிக்கொண்டு நான் வழி சொல்ல, மெல்ல இறங்கினோம்.

இடது கண்ணும் போய்விட்டது மகளே. அது அவனுக்கே இன்னும் புரியவில்லை என்று நினைக்கிறேன். நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. முடிந்தால் சீக்கிரம் வந்துவிட்டுப் போ. இனிமேல் அவனை நம் ஊர்ச் சந்தையைத் தாண்டிக் கூட்டிப்போக மாட்டேன், இது சத்தியம்.

புத்த பகவானின் காவல் உங்கள் வீட்டில் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
மன்னிப்பை வேண்டும்
பியதிலக மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அப்பா சுவரைத் தடவிக்கொண்டு வந்து சேர்ந்தான். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னான். காட்டினேன்.

"அட மடையா, ஒன்றரை மணி நேரம் வெயில் என் மொட்டத் தலைய வறுத்தெடுத்துச்சு. பனி சுடுமா? எனக்குக் கண்ணு போயி ரெண்டு வாரமாச்சு. நீ பாவம், அழாம பொய் சொல்லப் படாத பாடு படறே, கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன். கட்டு பிரிச்சதும் வர்ற பௌர்ணமி போயா லீவுக்கு மறுபடி போறோம். இந்தத் தடவ வாயத் தொறந்து என்ன தெரியுதுன்னு சொல்லணும்."

ஆகவே சத்தியம் செய்த வரியை அடித்துவிட்டுப் படிக்கவும். அகலமான தொப்பி ஒன்று அனுப்பு மகளே, அவன் தலை இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது.