தினமும் மாறிய நடு

அன்றைக்கே மல்லாங்கிணற்றுக்குப் பஸ் ஏறியிருக்கலாம் என்று ராஜபாண்டியன் இப்போதும் நினைத்து நினைத்து மாய்ந்துபோகிறான். ரெண்டே நாள் வேலை. மாமனார் சீனிச்சாமி உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காயப்போட்டு, மிதித்துக் கொடுக்க மருமகனைக் கூப்பிட்டிருந்தார்.

"எப்படிப் புள்ள வர? குடியரசு தினத்துக்குக் கம்பெனில டேபிள் டென்னிஸ் மேட்ச். கால் பழகணும்" என்றுவிட்டான் பெண்டாட்டியிடம்.

பொய்யில்லை. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். போன வருசம் வேன் டிரைவர் சங்கையாவிடம் தோற்றான். அடி பிரமாதமாகத்தான் விழும். அடித்ததும் நடுவுக்குத் திரும்பாமல், அடித்த அழகை அங்கேயே நின்று பார்ப்பான். அதற்குள் பந்து மறுபக்கம் போயிருக்கும். அன்றிலிருந்து வேனில் வருகிற பெண்களுக்கெல்லாம் அவனைக் கண்டால் சிரிப்பு.

பாண்டிச்செல்வி கோபித்துக்கொள்ளவில்லை. அங்கேயே அவன் உசாராகியிருக்க வேண்டும்.

"அப்பாட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க பழகுங்க."

மறுநாள் வேலை விட்டு வந்தால், மொட்டைமாடி முழுக்க நீலப் படுதா.

"சிமெண்டுல குதிச்சா முட்டி போயிரும்ங்க. அடியில சருகு போட்டிருக்கேன், மெத்துன்னு இருக்கும்."

கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "வலது. இடது. நடுவுக்கு வாங்க."

"என்ன புள்ள, சரவெடி மாதிரி சடசடங்குது?"

"வெடிக் கம்பெனில இருந்து வந்தா எல்லாம் வெடியாத்தான் கேக்கும். இடது."

மறுநாள் நடு இடம் மாறியிருந்தது.

"நேத்து அங்கனல்ல நின்னேன்?"

"நின்ன எடத்துலயே நின்னா கால் எப்படிப் பழகும்? இன்னைக்கு நடு தண்ணித்தொட்டிகிட்ட."

அதற்கடுத்த நாள் மாடிப்படியோரம். இப்படிப் பத்து நாள்.

மேட்ச் அன்று முதல் அடி அற்புதமாக விழுந்தது. கால் தானாகவே தண்ணித்தொட்டிப் பக்கம் ஓடியது. அடுத்த அடிக்கு மாடிப்படிப் பக்கம். நிஜமான நடுவில் பந்து ஆளில்லாமல் துள்ளிப் போனது. பதினொன்றுக்கு மூன்று.

சங்கையா கைகுலுக்கினான். "போன வருசம் ஒரு எடத்துலயாவது நின்னீக அண்ணாச்சி."

வீட்டு வாசலில் மூன்று மூட்டை உளுந்து. பக்கத்தில் மாமனார்.

"மாடு கட்டி மிதிச்சாக்கூட நெத்து இம்புட்டுச் சுத்தமா உடையாது மாப்ள."

ராஜபாண்டியன் மூட்டையைப் பார்த்தான். காலைப் பார்த்தான். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"தோத்துட்டேன் புள்ள."

பாண்டிச்செல்வியின் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. காப்பியை ஆற்றிக் கையில் கொடுத்தாள்.

"விடுங்க. பழக்கம் பத்தலை. படுதாவை மடிக்காம வச்சிருக்கேன், புதன்கிழமை அப்பா துவரை கொண்டாராக."