இன்ஸ்பெக்டர் பொடி

என்னை யாராவது வரிசையில் முன்னால் போகச் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கால் நகராது. வங்கியில், ரேஷன் கடையில், கோயிலில், "வயசானவங்க, முன்னால போங்கம்மா" என்று நல்ல மனதோடு வழி விடுகிறார்கள். நான் போவதில்லை. "பரவாயில்லப்பா, நான் இங்கனயே நிக்கிதேன்" என்று இருந்த இடத்திலேயே நிற்பேன். கிறுக்குக் கிழவி என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். வரிசையைத் தாண்டிப் போய் நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

அது எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தொரு வயது. கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்த நான், நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். என்னை வேலைக்கு அனுப்ப அப்பாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. ஓட்டப்பிடாரத்தில் என் மாமா மகன் ஒருவர் எனக்காகவே வளர்ந்து தயாராக இருந்தார். நல்ல மனிதர்தான். வாயைத் திறந்தால் பருத்தி விலை, மூடினால் குறட்டை. நான் அழுது, அடம்பிடித்து, சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்து (ராத்திரி அம்மா ஒளித்துத் தந்த இட்லி கணக்கில் வராது) கடைசியில் அப்பா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"போ. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க. உன்னப் பத்தி ஒரு சொல்லு கெட்ட பேரு வந்துச்சுன்னா, பெட்டியத் தூக்கிட்டு நேரா வீட்டுக்கு வந்துரணும். அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம்."

சரி என்றேன். எனக்கு எங்கே கெட்ட பேர் வரப்போகிறது என்று அப்போது ஒரு திமிர்.

மாசி மாதம் பிறந்ததும் தலைமையாசிரியர் முகம் கறுத்துப்போய் வந்தார். இன்ஸ்பெக்டர் வருகிறாராம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். போன பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு டீச்சரையே பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னாராம். அந்த அம்மா அழுதுகொண்டே பஸ் ஏறியதாகக் கேள்வி.

"மூணாம் வகுப்புன்னா அவருக்கு ஏழாம் வாய்ப்பாடுதான் டீச்சர். எந்த ஊருக்குப் போனாலும் அதத்தான் கேக்காராம்" என்றார் ஹெச்.எம்.

என் பிள்ளைகள் கெட்டிக்காரப் பிள்ளைகள். என்ன, அந்தக் கெட்டிக்காரத்தனம் வாய்ப்பாட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அது மிளகாய்ப் பழம் பறிக்கிற காலம். வகுப்பில் பாதி காட்டில் இருக்கும், மீதி களத்தில் காயும் மிளகாய் வத்தலுக்குக் காவல் இருக்கும். ஐந்தாம் வாய்ப்பாடு வரை தட்டுத்தடுமாறி வந்துவிடுவார்கள். ஏழு என்றால் ஆளுக்கொரு கணக்கு. மயிலைப் பற்றி ஒரு பாட்டு மட்டும் அட்சரம் பிசகாமல் பாடுவார்கள். ஒரு பாட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஓட்ட முடியும்? கண்ணை மூடினால் மாமா மகன் குறட்டை விட ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில்தான் ஹெச்.எம். இன்னொரு தகவலும் சொன்னார். "மனுஷன் டீப் பிரியராம். டீ நல்லா இருந்தா கோவம் பாதி கொறஞ்சிருமாம்."

என் மண்டைக்குள் மணி அடித்தது. என் அக்கா பம்பாயில் வாழ்க்கைப்பட்டவள். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வரும்போது ஒரு டப்பாவில் டீ மசாலாப் பொடி கொண்டு வருவாள். அதில் கொஞ்சம் போட்டு டீ கொதித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். எங்கள் பக்கத்தில் அப்போது சுக்குக் காப்பி தெரியும், மசாலா டீ என்றால் யாருக்கும் தெரியாது. அக்கா பக்குவத்தைச் சொல்லியும் இருந்தாள்: "பாதிக்குப் பாதி சுக்கு. மீதிக்கு ஏலம், பட்டை, கிராம்பு, நாலு மிளகு. வெயில்ல காய வச்சு, நைசா அரைக்கணும். தம்ளருக்கு ஒரு சிட்டிகைதான்ட்டி, அள்ளிப் போட்ராத."

"சார், டீய என்கிட்ட விடுங்க" என்றேன். அதுவரை என்னிடம் எதையுமே நம்பி விட்டிராத ஹெச்.எம்., பயத்தில் தலையை ஆட்டிவிட்டார்.

அக்கா கொண்டுவந்த பொடி எப்போதோ தீர்ந்திருந்தது; சாமான் வாங்கினேன். நான் குடியிருந்த வீட்டு வெள்ளத்தாயி அக்காவின் முறத்தில் காய வைத்தேன். "அம்மியில வச்சு நுணுக்கித் தாரேன் டீச்சர்" என்றாள் அக்கா. எனக்கு அது பிடிக்கவில்லை. பம்பாய்ப் பொடி முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி இருக்கும். அம்மி என்ன செய்யும்? மில்லுக்குத்தான் போவேன் என்று நின்றேன். கொஞ்சமாகக் கொண்டுபோனால் எல்லாம் மெஷினிலேயே ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். அதனால் சுக்கையும் மற்றதையும் கூட்டிக் கூட்டி அரைக் கிலோவுக்கு மேலே ஆக்கினேன். ஒரு தம்ளர் டீக்கு ஊரே குடிக்கிற அளவுக்குப் பொடி!

ஊரில் இருந்தது ஒரே மில். வத்தல் காலம் என்பதால் வாசலைத் தாண்டி வரிசை நின்றது. எல்லோர் மூக்கிலும் முந்தானை. உள்ளே ஒரு பெண்ணின் வத்தல் அரைபட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு அடுத்தபடி ஒருத்தி கம்புப் பெட்டியோடு நின்றாள். நான் கடைசியில் போய் நின்று இரண்டு தும்மல்தான் போட்டேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஏட்டி, டீச்சரு நிக்காவ பாரு. வழி விடுங்கட்டி!"

"நீங்க ஏன் டீச்சர் கடைசியில நிக்கிதீய? முன்னால போங்க."

கம்புக்காரி மட்டும், "இல்ல டீச்சர், நான் போட்டதுக்குப் பெறவு..." என்று எதையோ சொல்ல வந்தாள். "சும்மா கெடட்டி, பிள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கவுகள நிக்க வைக்கலாமா?" என்று பக்கத்தில் நின்றவள் அவளை அடக்கிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோவில்பட்டியில் என்னை எந்த வரிசையிலும் எவரும் மதித்ததில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, எல்லோருக்கும் ஒரு புன்னகையை வழங்கிவிட்டு (நினைத்தால் இப்போது எனக்கே என்னை ஒரு அறை விடலாம் போல இருக்கிறது) மெஷினுக்குப் போனேன். மில்கார அண்ணாச்சி என் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். பட்டையையும் கிராம்பையும் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கொட்டி அரைத்துத் தந்துவிட்டார்.

பொடி நல்ல செக்கச் செவேலென்று வந்தது. பட்டை உயர்ந்த ரகம், அதுதான் இந்த நிறம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முகர்ந்து பார்த்திருக்கலாம். மில்லில் போட்ட தும்மலில் மூக்கு அடைத்துப்போய், அடுத்த நாள் வரைக்கும் எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை.

மறுநாளே இன்ஸ்பெக்டர் வந்தார். கறுப்புக் கண்ணாடி, கஞ்சி போட்ட சட்டை, சிரித்துப் பழகாத முகம். இரண்டு வகுப்பை முடித்துவிட்டு, "அடுத்து மூணாம் வகுப்பு. டீ சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றார். ஹெச்.எம். வீட்டுப் பசு அன்று பார்த்து இரண்டு தம்ளருக்குத்தான் பால் கறந்திருந்தது. ருசி பார்க்கக்கூட எனக்கு மிச்சமில்லை. பின்னறை ஸ்டவ்வில் கொதிக்க வைத்து, சிட்டிகை என்று அக்கா சொன்னதை மறந்து (மறக்கவில்லை, இன்ஸ்பெக்டருக்கு இல்லாத பொடியா என்ற தாராளம்) இரண்டு கரண்டி அள்ளிப் போட்டேன்.

"அடடே, ஏலக்காய் வாசனை! யார் போட்டது?"

"நம்ம புது டீச்சர் சார். பம்பாய் டீ" என்றார் ஹெச்.எம்.

இன்ஸ்பெக்டர் ஆசையாக ஒரு பெரிய வாய் குடித்தார். அப்படியே நின்றுவிட்டார். கண் விரிந்தது. கண்ணாடியைக் கழற்றினார். மூக்கு நுனி சிவந்தது. துப்ப நாலு பேர் முன்னால் மனது வரவில்லை, விழுங்கினார். அவர் குடிப்பதைப் பார்த்து ஹெச்.எம்.மும் குடித்தார். அவர் மீசை தனியாகத் துடித்தது. மேலதிகாரியே வாயைத் திறக்காதபோது தான் எப்படித் தம்ளரைக் கீழே வைப்பது என்று அவர் குடிக்க, ஊர்க்காரரே சாதாரணமாகக் குடிக்கும்போது தான் எப்படிக் குறை சொல்வது என்று இவர் குடிக்க, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி, கண்ணீர் வழிய, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்கள்.

"இந்த ஊர்ல... இப்படித்தான்... போடுவீங்களாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர், பாதிக் குரலில்.

"நானே அரைச்சது சார்! இன்னும் கொஞ்சம் பொடி போட்டுக் கொண்டு வரட்டுமா?"

அவர் இரண்டு கையையும் ஆட்டினார். அவ்வளவு பணிவான மனிதரா என்று எனக்கு வியப்பு.

என் வகுப்புக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர் வாயைத் திறந்தார்.

"ஏழாம் வா..."

விக்கல். ஆளே நாற்காலியோடு ஒரு குலுக்குக் குலுங்கிய விக்கல். மறுபடி வாயைத் திறந்தார், மறுபடி விக்கல். குரல் சுத்தமாகப் போய்விட்டது. காற்றுத்தான் வந்தது. நான் விடுவேனா? "பிள்ளைகளா, சாருக்கு நம்ம மயில் பாட்டு!" என்றேன். தண்ணீர் வேண்டும் என்று அவர் கையை ஆட்டினார். அவர் தாளம் போடுகிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் இன்னும் சத்தமாகப் பாடின. பாட்டு முடிந்தது. கையை ஆட்டினார். மறுபடி முதலிலிருந்து பாடின. எத்தனை தரம் அந்த மயில் ஆடியதோ, எண்ணவில்லை.

நடுவில் முன் வரிசை முத்துலட்சுமி எழுந்தாள். "டீச்சர், சாருக்கு வத்தல் காந்துது. வத்தல் அரைச்சுட்டு வந்தா எங்கம்மாவும் இப்படித்தான் அழுவா."

"ஏட்டி, உக்காரு! சார் டீ குடிச்சுட்டு வாராவ. வத்தலாம் வத்தல்!"

அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு கருப்பட்டித் துண்டு கைமாறிக் கைமாறி வந்துவிட்டது. எந்தப் பையில் எத்தனை நாள் கிடந்ததோ, மேலே நூல் ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பிடுங்காத குறையாக வாங்கி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அந்த முகத்தில் முதல் தடவையாக ஒரு அமைதி வந்தது. பிள்ளைகள் பாடிக்கொண்டே இருந்தன. வெளியே மத்தியான பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் சாயங்காலம்தான். அவர் எழுந்துவிட்டார். ஏழாம் வாய்ப்பாடு கேட்கப்படவில்லை!

பஸ்ஸில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கருப்பட்டியின் புண்ணியத்தில் கொஞ்சம் குரல் வந்திருந்தது.

"பிள்ளைங்க உன்கிட்ட பயமில்லாம பேசுதுங்கம்மா. நல்ல விஷயம். டீச்சர் வேலையை விட்டுடாதே." எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார், "டீக்கடை மட்டும் வச்சிடாதே."

பஸ் போய்விட்டது. ஹெச்.எம். என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், பாத்திரத்தின் அடியில் பொடி வண்டலோடு தங்கிக் கிடந்த ஒரு வாய் டீயைக் காட்டினார். "குடிங்க, டீச்சர்."

குடித்தேன். அம்மாடி! நாக்கில் தொடங்கிய எரிச்சல் காது வழியாக வந்தது.

வீட்டுக்கு ஓடி வெள்ளத்தாயி அக்காவிடம் சொன்னேன். "மில்லுல யாருக்குப் பெறவு அரைச்சிய?" என்றாள். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "வத்தல் அரைச்சா மாடு திங்க கம்பப் போட்டு மெஷினத் தொடைச்சுட்டுத்தான டீச்சர் அடுத்த சாமான் போடுவாவ! கம்புக்காரி அதுக்குத்தான நின்னா! பட்டை கிராம்பப் பாத்துட்டு, கறிக்குத்தான், வத்தல் ஒட்டுனா என்னன்னு மில்கார அண்ணாச்சி நெனச்சிருப்பாவ."

அப்புறம் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். "தூரப் போட்ராதிய" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைப் பார்க்க வந்தபோது, அக்கா அந்தப் பொடியைப் போட்டு ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள். அப்பா மூன்று தரம் சோறு வாங்கினார். கை கழுவிவிட்டு, "இன்ஸ்பெக்டர் என்னட்டி சொன்னாரு?" என்றார். வேலையை விடக்கூடாது என்று சொன்னதைச் சொன்னேன். டீக்கடை விஷயத்தைச் சொல்லவில்லை. கூட உட்கார்ந்து சாப்பிட்ட ஹெச்.எம். சொல்லிவிட்டார். அப்பா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஓட்டப்பிடாரத்துக்கு வேறு பெண் பார்க்கச் சொல்லி அவரே சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கிய தூக்கம் மாதிரி அதற்குப் பிறகு தூங்கியதே இல்லை.

அந்த வேலையிலேயே இருந்து, கல்யாணம் முடித்து, ஹெச்.எம். ஆகி ஓய்வும் பெற்றுவிட்டேன். எங்கள் வீட்டில் கறி மசாலாவுக்கு இன்றைக்கும் 'இன்ஸ்பெக்டர் பொடி' என்றுதான் பேர். போன வருடம் மகளுக்குக் கல்யாணமாகி மருமகன் முதன்முதலாக விருந்துக்கு வந்தார். குழம்பை ருசித்தவரிடம் நான் பொடியின் பேரைச் சொன்னதும், "அத்தை, அது என்ன இன்ஸ்பெக்டர் பொடி?" என்று கேட்க, என் மகள் கதையை ஒன்று விடாமல், எனக்குத் தெரியாத இரண்டு விக்கலையும் சேர்த்துச் சொல்லி முடித்தாள். மருமகன் புரையேறச் சிரித்தார்.

சாப்பிட்டு முடித்ததும், "மாப்ளைக்கு டீ போடட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் இரண்டு கையையும் ஆட்டினார்.