இருமல் ஒழிப்புக் குழுவின் மேலான பணி

மயக்க ஊசி போட்டதும் நோயாளிகள் இருமுவது ஆஸ்பத்திரியின் கண்ணியத்துக்கு ஏற்றதல்ல என்று எங்கள் நிர்வாகம் முடிவு செய்தது. உடனே இருமல் ஒழிப்புக் குழு அமைந்தது. நிர்வாக அதிகாரி, துணை அதிகாரி, துணைக்குத் துணை எல்லோரும் அதில் இருந்தார்கள். ஊசி போடுகிற மயக்க டாக்டரம்மாவை மட்டும் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

அன்று ஆபரேஷன் மேஜையில் கிடந்தவர் லேத் பட்டறைக்காரர். இரும்புத் துணுக்கு தெறித்து ஒரு கண் கிழிந்திருந்தது. தூங்குவதற்குள் ஒருமுறை பலமாக இருமினால் போதும், கண்ணுக்குள் இருப்பது வெளியே வந்துவிடும். அப்புறம் தையல் போட்டும் பிரயோஜனமில்லை.

குழு முகக்கவசம் மாட்டிக்கொண்டு மேற்பார்வைக்கு வந்து நின்றது.

"வலி தெரியாம இருக்கப் போடுற ஃபென்டனிலை வேகமா ஏத்தினாத்தான் சார் இருமல் வருது," என்றார் டாக்டரம்மா. "முன்னாடி இருமலை அடக்கக் கொஞ்சம் லிக்னோகெய்ன் போட்டுட்டு, இதை நிதானமா ஏத்தினா பெரும்பாலும் வராது."

"நிதானமா? இது நம்ம ஆஸ்பத்திரியோட 'மின்னல் சேவை மாசம்', அம்மா!" என்றார் நிர்வாக அதிகாரி. "இருமக்கூடாதுன்னு நோயாளிகிட்ட கண்டிப்பா சொன்னீங்களா?"

"சொன்னா கேக்கிற இருமல் இல்ல சார் இது."

"மீறினா நடவடிக்கை எடுப்போம்னு சொல்லுங்க."

பட்டறைக்காரர் படுத்தபடியே கும்பிட்டார். "நான் இரும மாட்டேங்கய்யா."

டாக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதிகாரியிடம் எரிந்து விழுந்து யார் கரையேறியிருக்கிறார்கள்? குரலை இறக்கிக்கொண்டார்.

"சார், இந்த ஊசியை ஒரு ஃபைல்னு வெச்சுக்கலாமா?"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "ஃபைலா? முதல்லயே சொல்லக்கூடாதா? ஃபைலுக்கு ஏதும்மா அவசரம்! தாராளமா நகர்த்துங்க."

டாக்டரம்மா நகர்த்தினார். முதலில் லிக்னோகெய்ன். சற்றுப் பொறுத்து ஃபென்டனில், துளித்துளியாக. ஒரு செருமல்கூட இல்லை. துணை அதிகாரி மட்டும் கொட்டாவி விட்டார். பட்டறைக்காரர் அப்படியே கண்ணயர்ந்தார், கண் பிழைத்தது. பக்கத்தில் நின்ற நான் கருவித் தட்டை நிம்மதியாகக் கீழே வைத்தேன்.

கட்டுப் பிரித்த அன்றே பட்டறைக்காரர் நிர்வாகத்திடம் போனார்.

"எல்லாம் நல்லாத்தாங்க இருந்துச்சு. ஆனா ஒரு ஊசி போட அந்தம்மா எவ்வளவு நேரம் இழுத்தாங்க தெரியுமா? அதுவும், இருமலே வராத ஆளுக்கு எதுக்குங்க இருமலுக்கு மருந்து? கொஞ்சம் வேகமான டாக்டரா போடக்கூடாதா?"

நியாயமான கேள்வி என்று குழு கருதியது. மாலைக்குள் டாக்டரம்மா மாற்றப்பட்டு, வேகமான டாக்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். இப்போது ஊசி போட்டதும் ஆளாளுக்கு இருமுகிறார்கள், புகார்தான் ஒன்றும் வருவதில்லை. ஆகவே நோக்கம் இனிதே நிறைவேறிற்று என்று குழுவுக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். எங்களைவிடப் பலமாகத் தட்டியவர் முன்வரிசையில் இருந்த பட்டறைக்காரர். அவருக்கு இரண்டு கண்ணும் இப்போது நன்றாகத் தெரிகிறது.